சேவைச் சங்கத்தில் முதல் ஓராண்டு: குமரி மாவட்டத்தில் புதிதாகச் சேர்பவர்களுக்கு

ஜூலை மாதம் நாகர்கோவிலிலிருந்து களியக்காவிளை வரை ஒரு தடவை போய் வந்தால், மண்டப வாசல்களில் பணியேற்பு விழா ஃப்ளெக்ஸ்கள் கண்ணில் படும். ரோட்டரிக்கும் அரிமா (லயன்ஸ்) சங்கத்துக்கும் ஜூலை 1-ல்தான் ஆண்டு பிறக்கிறது. அடுத்த ஜூன் 30-ல் முடிகிறது. தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் பெரும்பாலும் ஆண்டுதோறும் மாறுவார்கள். அதே மேடையில் புது உறுப்பினர்களை வரிசையாக நிறுத்தி, உறுதிமொழி சொல்லவைத்து, சட்டையில் சங்கச் சின்னத்தைக் குத்திவிடுவார்கள். சால்வை, கைதட்டல், சாப்பாடு எல்லாம் நன்றாகவே நடக்கும். அடுத்த கூட்டத்தில் பார்த்தால் அந்தப் புதியவர்களில் பலரைக் காணாது.

அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். சங்கத்தில் என்ன நடக்கும், தான் எந்த வேலையைப் பிடித்துக்கொள்வது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் கல்குளம் தாலுகாவில் ஒரு சங்கத்தில் பல ஆண்டுகளாக இருக்கிறேன், இரண்டு ஆண்டு செயலாளராகவும் இருந்திருக்கிறேன். எனக்கு அன்று யாராவது சொல்லியிருக்கலாமே என்று தோன்றியதை எல்லாம் இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

1. சேருவதற்கு முன் இரண்டு கூட்டமாவது போய்ப் பாருங்கள்

இந்தச் சங்கங்களில் விண்ணப்பப் படிவம் வாங்கி நிரப்பி நீங்களாகச் சேர்ந்துவிட முடியாது. ஏற்கனவே உறுப்பினராக இருக்கும் ஒருவர் உங்களை முன்மொழிய வேண்டும். தெரிந்தவர் யாரும் இல்லையா? ஊரில் நடக்கும் ஏதாவது ஒரு ரத்த தான முகாமுக்கோ கண் முகாமுக்கோ போய், கையில் பேரேட்டோடு அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருப்பவரைப் பிடியுங்கள். அவர்தான் செயலாளர். "உங்க கூட்டத்துக்கு விருந்தினரா ஒரு நாள் வரலாமா சார்?" என்று கேட்டால் போதும், மறுக்கமாட்டார்.

எந்தச் சங்கம் என்பது அடுத்த கேள்வி. ரோட்டரி 1905 பிப்ரவரி 23-ல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் தொடங்கியது. உறுப்பினர்கள் ஒவ்வொருவரின் அலுவலகத்திலும் முறைவைத்துச் சுற்றிச் சுற்றிக் கூடியதால் அந்தப் பெயர். லயன்ஸ் என்கிற அரிமா சங்கமும் அதே ஊரில் 1917-ல் மெல்வின் ஜோன்ஸ் முயற்சியில் பிறந்தது. 1925-ல் ஹெலன் கெல்லர் அவர்களுடைய மாநாட்டுக்கு வந்து, பார்வையற்றோருக்காக உழைக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். அரிமா சங்கம் என்றாலே கண் முகாம் என்று நம் ஊர் ஆட்களுக்கு மனதில் பதிந்திருப்பதன் வேர் அங்கே இருக்கிறது. 18 முதல் 40 வயது வரை உள்ளவர்களுக்கு ஜேசிஐ இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு ரோட்டரியின் இன்டராக்ட், இளைஞர்களுக்கு ரோட்டராக்ட், அரிமா பக்கம் லியோ சங்கம். பெண்களுக்கு இன்னர் வீல்.

சங்கத்தின் பெயரைவிட, அது கூடும் கிழமையையும் உங்கள் வீட்டிலிருந்து உள்ள தூரத்தையும் பார்த்து முடிவெடுங்கள் என்பேன். கூட்டம் இரவு ஏழு, ஏழரைக்குத் தொடங்கிச் சாப்பாட்டோடு முடிய ஒன்பதரை ஆகிவிடும். குலசேகரம் பக்கம் வீட்டை வைத்துக்கொண்டு நாகர்கோவில் சங்கத்தில் சேர்ந்தால் மழைக்காலத்தில் இரண்டு தடவை போவீர்கள், மூன்றாம் தடவை மனம் வராது.

பெண்களுக்குத் தனியாக ஒன்று சொல்லவேண்டும். அரிமா சங்கம் 1987-லும் ரோட்டரி 1989-லும் பெண்களை முழு உறுப்பினர்களாகச் சேர்க்கத் தொடங்கிவிட்டன. ஆனாலும் 'உறுப்பினரின் மனைவி' என்ற இடத்திலேயே வைத்து, விழாவில் குத்துவிளக்கு ஏற்றக் கூப்பிடுவதோடு நிறுத்திக்கொள்கிற வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. சேர்ந்தால் உங்கள் பெயரில், உங்கள் சந்தாவில், வாக்குரிமையோடு சேருங்கள். முகாமுக்கு வரும் பெண்கள் தங்கள் உடம்புக் கோளாறை ஆண் உறுப்பினரிடம் சொல்லத் தயங்குவதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அந்த மேசையில் ஒரு அக்கா உட்கார்ந்திருந்தால் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

2. பணத்தைப் பற்றி முதலிலேயே கேட்டுவிடுங்கள்

நம் ஆட்களுக்கு இதில் கூச்சம் அதிகம். கேட்காமல் சேர்ந்து, ஆறு மாதம் கழித்துச் சங்கடப்பட்டு, சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவார்கள். நுழைவுக் கட்டணம் எவ்வளவு, ஆண்டுச் சந்தா எவ்வளவு, கூட்டச் சாப்பாட்டுச் செலவு சந்தாவுக்குள் வருமா தனியா, திட்டங்களுக்கு நன்கொடை கட்டாயமா விருப்பமா? இந்த நான்கையும் பொருளாளரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சந்தாவில் ஒரு பகுதி சர்வதேசத் தலைமையகத்துக்கு ஜூலையிலும் ஜனவரியிலும் இரண்டு தவணையாகப் போகிறது. அது டாலர் கணக்கு என்பதால், ரூபாயில் தொகை ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் மாறும்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். அரிமா சங்கங்களில் நிர்வாகக் கணக்கு வேறு, சேவைக் கணக்கு வேறு. பொதுமக்களிடம் திரட்டிய பணம் முழுவதும் பொதுமக்களுக்கே போகவேண்டும். அதிலிருந்து ஒரு டீச் செலவுகூட உறுப்பினர்களுக்காக எடுக்கக் கூடாது. சாப்பாடு, மண்டப வாடகை எல்லாம் சந்தாவிலிருந்து. கூட்டத்தில் பொருளாளர் கணக்கு வாசிக்கும்போது இந்த இரண்டும் பிரித்துச் சொல்லப்படுகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். பிரித்துச் சொல்கிற சங்கம் என்றால் நம்பிச் சேரலாம்.

3. முதல் கூட்டத்தில் என்ன நடக்கும்

தலைவர் மேசையில் ஒரு வெண்கல மணி இருக்கும். அதைத் தட்டினால் கூட்டம் தொடங்கியது என்று பொருள். பிறகு இறைவணக்கம், அரிமா சங்கமானால் கொடி வணக்கம், வரவேற்பு, சென்ற கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு, செயலாளர் அறிக்கை, பொருளாளர் கணக்கு, பிறந்தநாள் மணநாள் வாழ்த்து, சிறப்பு விருந்தினர் பேச்சு, அடுத்த திட்டங்கள், நன்றியுரை, நாட்டுப்பண். ரோட்டரியில் நான்கு கேள்விகள் கொண்ட ஒரு சோதனையைச் சேர்ந்து சொல்வார்கள்: இது உண்மையா, சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் நியாயமானதா, நல்லெண்ணத்தையும் நட்பையும் வளர்க்குமா, எல்லோருக்கும் நன்மை தருமா. ஹெர்பர்ட் டெய்லர் என்பவர் 1932-ல், கடனில் மூழ்கிக்கொண்டிருந்த ஒரு கம்பெனியைத் தூக்கி நிறுத்தும் பொறுப்பில் இருந்தபோது தன் ஊழியர்களுக்காக எழுதியது அது.

ரோட்டரி வாராவாரம் கூடுவது பழைய வழக்கம். 2016-க்குப் பிறகு மாதம் குறைந்தது இரண்டு கூட்டம் என்று தளர்த்தியிருக்கிறார்கள். உங்கள் சங்கக் கூட்டத்துக்குப் போக முடியாவிட்டால் வேறு ஊர் ரோட்டரிக் கூட்டத்தில் கலந்துகொண்டு வருகையை ஈடுகட்டலாம். மேக்கப் என்பார்கள். வேலை விஷயமாகத் திருநெல்வேலிக்கோ திருவனந்தபுரத்துக்கோ அடிக்கடி போகிறவர்களுக்கு இது நல்ல வசதி, புது அறிமுகங்களும் கிடைக்கும்.

உறுப்பினர்களை 'அரிமா' அல்லது 'ரொட்டேரியன்' சேர்த்து அழைப்பது மேடை மரபு. மேடையை விட்டு இறங்கிவிட்டால் சார், அண்ணாச்சி, அக்கா தான். அகஸ்தீஸ்வரம் பக்கத்தில் அண்ணாச்சி என்றால் மரியாதையும் நெருக்கமும் சேர்ந்தே வரும்.

கட்சி அரசியலும் மதச் சச்சரவும் கூட்டத்தில் பேசக் கூடாது என்பது இந்தச் சங்கங்களின் அடிப்படை விதி. வேறு இடங்களில் இது ஏட்டில் இருக்கிற ஒரு வரியாக இருக்கலாம். 1982-ல் மண்டைக்காட்டில் நடந்த மதக் கலவரத்தைக் கண்ணால் பார்த்த தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிற நம் மாவட்டத்தில், கோயில் கமிட்டிக்காரரும் பங்குப்பேரவைக்காரரும் ஜமாத்காரரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரு பாட்டியின் கண் புரையைப் பற்றிப் பேசுவது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை. இறைவணக்கத்தை எல்லோருக்கும் பொதுவானதாகவோ மௌனமாகவோ வைத்துக்கொள்ளும் சங்கங்கள் இதைப் புரிந்துகொண்டவை.

சரி, முதல் கூட்டத்தில் நீங்கள் என்ன செய்யவேண்டும்? நடவடிக்கைக் குறிப்பு வாசிக்கும்போது எல்லோரும் பக்கத்திலிருப்பவரிடம் பேசிக்கொண்டிருப்பார்கள். நீங்கள் கேளுங்கள். போன கூட்டத்தில் யார் எதைச் செய்வதாகச் சொன்னார், அது நடந்ததா என்பது அந்த ஐந்து நிமிடத்தில்தான் தெரியும். விருந்தினர் பேச்சு, வாழ்த்து, பாட்டு இவை இல்லாமலும் ஒரு சங்கம் நடக்கும். அந்த ஐந்து நிமிடம் இல்லாமல் நடக்காது. இதை நான் எப்படிக் கற்றுக்கொண்டேன் என்பதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

4. ஒரு பாட்டியும் ஒரு ஆடும்

நான் சேர்ந்த முதல் ஆண்டு, அருமனைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கண் முகாம். பதிவு மேசை என்னுடையது. பெயரும் வயதும் எழுதினேன், வரிசையை ஒழுங்குபடுத்தினேன், மத்தியானம் பேருந்து கிளம்பியதும் கை கழுவிச் சாப்பிட உட்கார்ந்துவிட்டேன். நன்றாகத்தான் செய்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த கூட்டத்தில் செயலாளர் குறிப்பைப் புரட்டிக்கொண்டே கேட்டார்: "அறுவை சிகிச்சைக்குத் தேர்வானது 23 பேர். வண்டியில் ஏறினது 22. அந்த ஒருத்தர் யாரு?"

யாருக்கும் தெரியவில்லை. பதிவேட்டில் பெயர் இருந்தது. வயது 70. ஊர்ப் பெயர் இருந்தது. போன் எண் இல்லை. எழுதியது என் கை. 'விளை' என்று முடியும் ஊர்கள் நம் பக்கம் எத்தனை என்று உங்களுக்குத் தெரியும், ஒரே பெயரில் இரண்டு மூன்று இடம்கூட இருக்கும். ரேஷன் கடையில் விசாரித்து, ரப்பர் தோட்டத்து வழியில் நடந்து, இரண்டாம் நாள்தான் அந்தப் பாட்டியின் வீட்டைக் கண்டுபிடித்தேன். வீட்டில் தனியாக இருந்தார். அன்றைக்கு மகளிடம் சொல்லிவிட்டு வரலாம் என்று போனவர் திரும்பி வரவில்லை. ஏன் பாட்டி வரவில்லை என்றதற்கு, "மூணு நாளு அங்க கெடந்தா எனக்க ஆட்டுக்கு ஆரு தண்ணி குடுப்பா மக்ளே?" என்றார்.

பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசி ஆட்டுக்கு ஏற்பாடு செய்தோம். அடுத்த மாத முகாமில் நானே வண்டியில் கூட்டிக்கொண்டு போய் ஏற்றிவிட்டேன். இரண்டு கண்ணிலும் முற்றிய புரை. முதலில் ஒரு கண், பல மாதம் கழித்து மற்றது. இரண்டாவது கண்ணுக்குப் போகும்போது ஆட்டை யாரிடம் விடுவது என்று அவரே ஏற்பாடு செய்துவிட்டுத் தயாராக நின்றார்.

அந்த ஒரு கேள்வி கேட்கப்படாமல் போயிருந்தால் எங்கள் அறிக்கையில் '23 பேர் பயன்பெற்றனர்' என்று அச்சாகியிருக்கும். அதனால் புதியவர்களுக்கு நான் சொல்லும் முதல் வேலை இதுதான்: முகாம் முடிந்த பிறகு மிச்சமிருப்பவர்களின் பட்டியலை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். மேடை வேலைக்கு நிறைய ஆள் இருப்பார்கள். இந்தப் பட்டியலுக்கு ஆள் இருக்காது.

5. கண் முகாமில் வேலை செய்வது எப்படி

மாவட்ட பார்வை இழப்பு தடுப்புச் சங்கமும் ஒரு கண் மருத்துவமனையும் உங்கள் சங்கமும் சேர்ந்து நடத்துவதாகத்தான் நோட்டீஸில் பார்த்திருப்பீர்கள். டாக்டரும் கருவியும் மருத்துவமனையின் பொறுப்பு. இடம், ஆள் திரட்டுவது, தண்ணீர், சாப்பாடு, பின்தொடர்வது சங்கத்தின் பொறுப்பு.

முகாமுக்குப் பத்து நாள் முன்பே நோட்டீஸைக் கொடுக்கத் தொடங்குங்கள். ஆட்டோவில் மைக் கட்டி ஊரைச் சுற்றுவதைவிட, ஞாயிறு ஆராதனை முடிவில் ஒரு அறிவிப்பு, வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து ஒரு அறிவிப்பு, கோயிலிலும் அய்யாவழி நிழல் தாங்கலிலும் ஒரு வார்த்தை, நூறு நாள் வேலைத் தளத்தில் ஒரு வார்த்தை என்று போனால் சேரவேண்டியவர்களுக்குச் சேரும். களியக்காவிளை, அருமனை பக்கங்களில் மலையாளமே பேசும் முதியவர்கள் உண்டு. அங்கே பேசத் தெரிந்த உறுப்பினர் ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

வருபவர்களிடம் ஆதார் நகலும், ஏற்கனவே சாப்பிடும் மாத்திரைகளும் கொண்டுவரச் சொல்லுங்கள். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் இல்லாவிட்டால் அன்றைக்கே அறுவை சிகிச்சைக்கு அனுப்ப மாட்டார்கள். அப்படித் திருப்பி அனுப்பப்படுபவர்கள்தான் முதலில் தொலைந்துபோவார்கள். 'சர்க்கரை குறைந்ததும் வாங்க' என்று சொன்னால் அவர்கள் காதில் 'உனக்குக் கிடையாது' என்றுதான் விழுகிறது. அவர்கள் பெயரைத் தனித் தாளில் எழுதி, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பி, இரண்டு வாரத்தில் ஒரு போன் போடுங்கள்.

பதிவேட்டில் பெயர், வயது மட்டும் போதாது. அவர் போன், பக்கத்து வீட்டுப் போன், வீட்டுக்கு அடையாளம் மூன்றும் வேண்டும். எந்தக் குருசடிக்கு எதிரே, எந்தக் குளக்கரையில், எந்தக் கடைக்குப் பின்னால் என்று எழுதுங்கள். கதவு எண் நம் கிராமங்களில் யாருக்கும் உதவாது. தேர்வானவர்களை வீட்டுக்குத் திரும்ப அனுப்பாமல் அங்கேயே சாப்பாடு கொடுத்து உட்காரவைத்து, வண்டியில் ஏறும்போது பெயர் சொல்லிக் கூப்பிட்டு எண்ணுங்கள். யாராவது வீட்டில் சொல்லவேண்டும் என்றால் உங்கள் போனைக் கொடுங்கள்.

சிகிச்சை முடிந்து வந்தவர்களுக்குச் சொட்டு மருந்து பல வாரம் போடவேண்டியிருக்கும். தனியாக இருக்கும் முதியவர்களுக்கு அது பெரிய கஷ்டம். கை நடுங்கும், சொட்டு கன்னத்தில் விழும். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்றைப் பழக்கிவிடுங்கள். மறுபரிசோதனைத் தேதியை மருத்துவமனை தாளில் எழுதித் தரும். அந்தத் தேதி உங்கள் போனிலும் இருக்கட்டும்.

6. ரத்த தானம்

உரிமம் பெற்ற ரத்த வங்கிதான் ரத்தம் எடுக்க முடியும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களோடு முன்கூட்டியே தேதி பேசிவிட வேண்டும். கொடுப்பவருக்கு 18 முதல் 65 வயது, எடை குறைந்தது 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5 கிராமுக்குக் குறையாமல். ஆண்கள் 90 நாளுக்கு ஒரு முறை, பெண்கள் 120 நாளுக்கு ஒரு முறை. எடுப்பது 350 மில்லி. 55 கிலோவுக்கு மேல் என்றால் 450 வரை. வெறும் வயிற்றில் வரக்கூடாது, முந்தைய நாள் மது கூடாது.

தோவாளை பூ வியாபாரிகள் விடிவதற்கு முன்பே சந்தையில் நிற்பவர்கள். ரப்பர் பால் வெட்டுபவர்கள் இருட்டோடு எழுந்து போய்விடுவார்கள். மீனவர்கள் இரவெல்லாம் கடலில். சரியான தூக்கம் இல்லாதவரிடம் ரத்தம் எடுக்கக் கூடாது என்பது விதி. ஆகவே அந்தந்த ஊரின் ஓய்வு நாளைக் கேட்டுத்தான் தேதி வையுங்கள். கத்தோலிக்கக் கடற்கரை ஊர்களில் ஞாயிறு கடலுக்குப் போவதில்லை என்பதால், பூசை முடிந்த நேரம் தோதாக இருக்கும். ரத்தம் கொடுத்த அன்று பனை ஏறுவதோ கனமான சுமை தூக்குவதோ கூடாது. கொடுத்துவிட்டு எழுந்தவரைக் கால்மணி நேரமாவது உட்காரவைத்து, ஜூஸும் பழமும் கொடுங்கள். நம் ஊர் மட்டிப் பழத்தைவிட அதற்குப் பொருத்தமானது வேறு இல்லை.

வருகிற பெண்களில் நிறைய பேர் ஹீமோகுளோபின் போதாமல் திரும்புவார்கள். வரிசையில் எல்லோர் முன்பும் 'உங்களுக்கு இல்லை' என்று சொல்லி அனுப்பாதீர்கள். தனியாகக் கூப்பிட்டு, அளவைத் தாளில் எழுதிக் கொடுத்து, மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். தன் உடம்பில் ரத்தம் குறைவு என்பது அன்றைக்குத்தான் தெரிந்தவர்கள் உண்டு. அவர்களுக்கும் அந்த முகாம் உதவியிருக்கிறது.

7. கண் தானமும் சொட்டு மருந்தும்

ஆகஸ்ட் 25 முதல் செப்டம்பர் 8 வரை கண் தான இருவாரம். உறுதிமொழிப் படிவம் நிரப்புவது எளிது. கண் கிடைப்பது வேறு விஷயம். இறந்த ஆறு மணி நேரத்துக்குள் எடுக்கவேண்டும். வளைகுடாவிலிருந்து மகன் வரட்டும் என்று உடலைக் குளிர்பெட்டியில் வைத்துக் காத்திருக்கும் வீடுகள் நம் மாவட்டத்தில் ஏராளம். அந்த முதல் ஒரு மணி நேரத்தில் யாராவது பக்குவமாக நினைவூட்டினால்தான் உண்டு. இறந்தவர் படிவம் நிரப்பியிருக்காவிட்டாலும் குடும்பத்தார் சம்மதித்தால் போதும். கண் வங்கிக்குப் போன் செய்துவிட்டு, இமைகளை மூடி ஈரப் பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்தி, தலைக்குத் தலையணை வைத்துக் கொஞ்சம் உயர்த்துங்கள். கண்ணாடி போட்டவர், சர்க்கரை உள்ளவர், புரை அறுவை செய்தவர் எல்லோரும் கொடுக்கலாம். துக்க வீட்டில் பேசுவது புதியவர் வேலை இல்லை. மூத்த உறுப்பினரோடு கூடப் போய் நின்று பழகுங்கள்.

போலியோவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரோட்டரி 1985-ல் தொடங்கிய உலகளாவிய இயக்கத்தில் நம் அரசும் சுகாதார ஊழியர்களும் சேர்ந்து உழைத்து, இந்தியாவின் கடைசி போலியோ நோயாளி 2011 ஜனவரி 13-ல் கண்டறியப்பட்டார்; 2014 மார்ச் 27-ல் போலியோ இல்லாத நாடு என்ற சான்று வந்தது. முகாம் நாளோடு விட்டிருந்தால் அது நடந்திருக்காது. அடுத்தடுத்த நாள் வீடு வீடாகப் போய், எல்லாப் பிள்ளைக்கும் கொடுத்த வீட்டுச் சுவரில் 'பி' என்றும், பிள்ளை விடுபட்ட வீட்டில் 'எக்ஸ்' என்றும் குறியிட்டார்கள். எக்ஸ் வீடுகளுக்கு மறுபடியும் போனார்கள். உங்கள் சங்கத்தின் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு எக்ஸ் வீட்டுப் பட்டியல் உண்டு.

8. மழை, திருவிழா, புயல்

நமக்கு இரண்டு மழை. ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு. ஐப்பசியில் காலை வெயில் அடித்து மத்தியானம் இடியோடு கொட்டும். அதனால் அந்த மாதங்களில் எந்த முகாமும் ஒரு மணிக்குள் முடிகிற மாதிரி வையுங்கள். டிசம்பர் 3-ஐ ஒட்டிய கோட்டாறு சவேரியார் திருவிழா, மார்கழியில் சுசீந்திரம் தேரோட்டம், மாசியில் மண்டைக்காடு கொடை, ஆடி அமாவாசை சமயத்தில் குழித்துறை வாவுபலி. இந்த நாட்களில் சாலையும் ஆட்களும் உங்களுக்குக் கிடைக்க மாட்டார்கள்.

மரக்கன்று நடுவதென்றால் ஜூன் தொடக்கத்தில் நடுங்கள். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை தண்ணீர் ஊற்ற ஆள் யார் என்று பெயர் எழுதாமல் நடாதீர்கள். சுசீந்திரம், தேரூர் நீர்நிலைகள் 2022 முதல் ராம்சர் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் இருப்பவை. பறவைகள் தங்கும் குளங்களில் அனுமதி வாங்காமல் தூர்வாரும் ஆர்வத்தோடு இறங்கிவிடக் கூடாது.

2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்தபோது நாங்கள் ஒரு தவறு செய்தோம். இரண்டே நாளில் மூட்டை மூட்டையாகப் பழைய துணி சேர்த்துக் கடற்கரை ஊர் ஒன்றுக்குக் கொண்டுபோனோம். அங்கே துணி ஏற்கனவே குவிந்து கிடந்தது. மின்கம்பங்கள் விழுந்து மோட்டார் ஓடாததால் குடிக்கத் தண்ணீர் இல்லை. கடலுக்குப் போன மகனைப் பற்றிச் செய்தி கேட்க, போனில் சார்ஜ் இல்லை. அவர்களுக்கு வேண்டியிருந்தது ஒரு ஜெனரேட்டர். அன்று மாலையே உறுப்பினர் ஒருவரின் கடையிலிருந்து ஒன்றைக் கொண்டுபோய், தொட்டிகளை நிரப்பி, போன்களுக்குச் சார்ஜ் ஏற்றிக் கொடுத்தோம். அதிலிருந்து எங்கள் வழக்கம்: முதல் வண்டி வெறும் வண்டியாகப் போகும். இரண்டு பேர் போய், ஊர்ப் பெரியவர்களிடமும் பெண்களிடமும் தனித்தனியாகக் கேட்டு எழுதி வருவார்கள். இரண்டாவது வண்டியில்தான் பொருள் ஏறும்.

9. ஜூன் மாதம்

பத்து மாதம் தொடர்ந்து கூட்டத்துக்கு வந்தவரைத் தேடி ஒரு பொறுப்பு வரும். பெரும்பாலும் இணைச் செயலாளர். ஏற்றுக்கொள்ளுங்கள். அதற்கு முன்பு, உங்கள் கையிலிருக்கும் பட்டியலைச் சுத்தமாகப் பெயர்த்தெழுதுங்கள். யாருக்கு மறுபரிசோதனை மிச்சம், யாருக்குச் சர்க்கரை குறையவேண்டும், யாருக்கு இரண்டாவது கண், எந்தப் பள்ளிக்கூடத்தில் நட்ட கன்றுக்கு யார் தண்ணீர் ஊற்றுகிறார், எந்தப் பிள்ளைக்கு அடுத்த ஆண்டு கல்லூரிக் கட்டணம் தருவதாகச் சொல்லியிருக்கிறோம். பழைய செயலாளர் புதியவரிடம் மணியையும் பேரேட்டையும் ஒப்படைக்கும் அந்தக் கடைசிக் கூட்டத்தில், இந்தத் தாளையும் பேரேட்டுக்குள் வைத்து, ஒவ்வொரு பெயரையும் வாசித்துக் காட்டிக் கொடுங்கள். ஜூலை முதல் கூட்டத்தில் அந்தத் தாள் வாசிக்கப்படுகிறதா என்று பாருங்கள். வாசிக்காவிட்டால் கையைத் தூக்கிக் கேளுங்கள்.